14 காரட் தாலி!

நகைப் பெட்டிக்குள் சர்க்காரின் கை நுழைந்த கதை

அம்மணிகளே! மேலே படிக்குமுன் ஒரு சின்னக் காரியம் செய்யுங்கள். அண்மையில் வாங்கிய வளையல் ஏதாவது கையில் இருந்தால் கழற்றி உள்புறத்தைப் பாருங்கள். பொடி எழுத்தில் 916 என்று ஓர் எண் தெரியும். 1000 பங்கில் 916 பங்கு தங்கம் என்று அதற்கு அர்த்தம். நாம் வழக்கமாகச் சொல்லும் 22 காரட் அதுதான்.

"இப்படிப்பட்ட வளையலைப் புதிதாகச் செய்வது குற்றம்" என்று நம் தேசத்தில் ஒரு காலத்தில் சட்டம் இருந்தது. நம்ப முடிகிறதா? வீட்டில் வயதான பாட்டி இருந்தால் விசாரித்துப் பாருங்கள். 1963ஆம் வருஷத்தை அவர் மறந்திருக்க மாட்டார்.

1962 அக்டோபரில் சீனா நம் எல்லையில் படையெடுத்தது. தேசம் முழுவதும் பெண்கள் வளையலையும் மோதிரத்தையும் கழற்றிப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்தார்கள். யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. நவம்பரில் சர்க்கார் ஆறரை சதவிகித வட்டியில் தங்கப் பத்திரம் வெளியிட்டு, தங்கத்தைக் கொடுத்துப் பத்திரம் வாங்கிக்கொள்ளும்படி ஜனங்களை அழைத்தது. அதுவரை எல்லாம் விருப்பத்தின் பேரில் நடந்தது.

1963 ஜனவரி இரண்டாம் வாரத்தில் விருப்பம் போய் உத்தரவு வந்தது. நிதி மந்திரியாக இருந்தவர் மொரார்ஜி தேசாய். பார்லிமெண்டில் தனிச் சட்டமாக விவாதிக்கப்பட்டு வந்த ஏற்பாடு அல்ல இது. யுத்த காலத்துக்கென்று உண்டான இந்தியப் பாதுகாப்பு விதிகளோடு சேர்க்கப்பட்ட ஒரு பகுதி. அதன்படி இனிமேல் செய்கிற நகை எதுவும் 14 காரட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. நகையாக இல்லாத கட்டித் தங்கம் ஓர் அளவுக்கு மேல் வைத்திருப்பவர்கள் சர்க்காரிடம் கணக்குக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கிற நகைக்கு மட்டும் ஆபத்தில்லை.

தேதியைக் கவனியுங்கள். மார்கழி முடிந்து தை பிறக்க நாலைந்து நாள்தான் பாக்கி. கொங்கு நாட்டில் கல்யாணத்துக்கு நாள் பார்த்துப் பந்தலுக்கு ஆள் சொல்லிவிட்ட சமயம். கோயமுத்தூர் ராஜ வீதியிலும் பெரிய கடை வீதியிலும் அப்போது என்ன பேச்சு நடந்திருக்கும் என்று ஊகிப்பது பெரிய வித்தையல்ல.

"ஏனுங்க, புள்ளைக்குத் தைக் கடைசியில கல்யாணம். தாலிக்கொடி எப்பக் கெடைக்கும்?"

"செஞ்சு தர்றேனுங்க அம்மிணி. ஆனா 14 காரட்டுலதான் செய்யோணும்னு உத்தரவு போட்டுட்டாங்க."

"அதென்னுங்க 14 காரட்டு?"

"24 பங்குல 14 பங்குதானுங்க தங்கம். மிச்சம் 10 பங்கு செம்பும் வெள்ளியும்."

"ஏனுங்க, செம்புத் தாலியவா என்ற மக கழுத்துல கட்டச் சொல்றீங்க?"

தாயின் கேள்விக்குப் பத்தரிடம் பதில் இருந்திருக்காது. உத்தரவு போட்டவர்களிடம் மட்டும் ஒரு பதில் இருந்தது. அதையும் நாம் நியாயமாகக் கேட்டுவிடுவோம்.

சர்க்கார் சொன்ன காரணம்

அந்த நாளில் சர்வதேசச் சந்தையில் ஓர் அவுன்ஸ் தங்கத்தின் விலை 35 டாலர். ஓர் அவுன்ஸ் என்றால் 31 கிராம் சொச்சம். டாலருக்கு 4 ரூபாய் 76 பைசா என்ற அக்காலக் கணக்கில் 10 கிராமுக்கு ஏறக்குறைய 54 ரூபாய் ஆகிறது. நம் கடைவீதியிலோ விலை அதைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 1947 முதலே தங்க இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்ததுதான் காரணம். உள்ளே வரவிடாத பண்டத்துக்கு விலை ஏறத்தானே செய்யும்? விலை ஏறினால் கள்ளத்தனமாகக் கொண்டுவருகிறவனுக்குக் கொண்டாட்டம். கள்ளத் தங்கத்துக்குக் கொடுக்கிற ஒவ்வொரு டாலரும் துப்பாக்கியும் யந்திரமும் வாங்க வேண்டிய தேசத்தின் அந்நியச் செலாவணியில் விழுகிற ஓட்டை.

"தங்கத்தின் மேலுள்ள மோகத்தைக் குறைத்தால் தேவை குறையும். தேவை குறைந்தால் விலை குறையும். விலை குறைந்தால் கள்ளக் கடத்தல் ஒழியும்." சர்க்காரின் கணக்கு இதுதான். காகிதத்தில் போட்டுப் பார்த்தால் தப்பே தெரியாத கணக்கு.

தப்பு காகிதத்துக்கு வெளியே இருந்தது. நம் பெண்களுக்குத் தங்கம் ஏன் வேண்டியிருந்தது என்று அந்தக் கணக்கு யோசிக்கவில்லை. தோட்டமும் காடும் அண்ணன் தம்பிகளுக்குப் போகும். வீடு புருஷன் பேரில் இருக்கும். பாங்கிக் கணக்கு வைத்திருந்த பெண்கள் அன்று எத்தனை பேர்? பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் திருந்தியதே 1989இல்தான். 1963இல் ஒரு குடியானவப் பெண் "இது என்னுடையது" என்று சொல்லிக்கொள்ளக் கூடிய ஆஸ்தி அவள் கழுத்திலும் காதிலும்தான் இருந்தது. மழை பொய்த்த வருஷத்தில் அடகு வைத்துக் கிணறு வெட்டியதும், பையனைக் காலேஜில் சேர்த்ததும் அந்தத் தங்கம்தான். வீட்டிலிருந்த அந்த இன்ஷூரன்ஸைத்தான் மந்திரிகள் மோகம் என்று எண்ணினார்கள்.

அடுப்பு அணைந்த பட்டறைகள்

வாங்குகிறவர்கள் பாடு இப்படியென்றால், செய்கிறவர்கள் பாடு இன்னும் மோசம்.

22 காரட் தங்கம் குழைந்து கொடுக்கும். 14 காரட் அப்படியல்ல. கடினமானது, நிறமும் மாறும், பற்றவைப்பதற்கும் வேறு பக்குவம் வேண்டும். குமிட்டி அடுப்பும் ஊதுகுழலும் உரைகல்லும் வைத்துக்கொண்டு பாட்டன் காலத்திலிருந்து 22 காரட்டிலேயே பழகிய கைகளுக்கு, ஒரே இரவில் தொழில் அந்நியமாகிவிட்டது. பழகிக்கொள்ளலாம் என்றாலும், அந்த நகையை வாங்க ஆள் வேண்டுமே! பழைய நகையை அழித்து அதே மாற்றில் புதுசாகச் செய்யவும் முதலில் அனுமதி இல்லை. நாடெங்கும் பட்டறைகள் வேலையின்றி மூடிக் கிடந்தன. பத்தர்கள் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் பத்திரிகைகளில் வந்தன. பார்லிமெண்டிலும் அவை பேசப்பட்டன.

இதற்குள் கள்ளக் கடத்தல் நின்றதா என்றால், அதுவும் இல்லை. கடற்கரையில் இரவில் தோணியில் தங்கக் கட்டி இறக்குகிறவன் சர்க்காரிடம் கணக்குக் கொடுக்கப் போவதில்லை. 14 காரட் உத்தரவு அவனை எப்படித் தொடும்? தெருவில் பலகை மாட்டி, பகலில் அடுப்பு மூட்டி வேலை செய்கிற பத்தர்தான் இன்ஸ்பெக்டர் கண்ணில் பட்டார். சுறாவுக்கு விரித்த வலையில் நெத்திலி அகப்பட்ட கதை!

1963 ஆகஸ்டில் காமராஜ் திட்டத்தின்படி மொரார்ஜி தேசாய் பதவியை விட்டார். அடுத்து நிதி மந்திரியான டி.டி. கிருஷ்ணமாச்சாரி காலத்தில் பிடி கொஞ்சம் தளர்ந்தது. பழைய நகையை அதே மாற்றில் அழித்துச் செய்ய, சர்டிபிகேட் பெற்ற பத்தர்களுக்கு அனுமதி கிடைத்தது. 1966இல் 14 காரட் வரம்பே எடுபட்டது.

அத்தோடு முடிந்தது என்று பெருமூச்சு விடாதீர்கள். மறுபடியும் நிதி மந்திரியான மொரார்ஜி காலத்தில், 1968இல், தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. வீடுகளில் கட்டித் தங்கம் வைத்திருக்கத் தடை. ஒரு குடும்பத்தின் நகை 4000 கிராமுக்கு மேல், அதாவது 500 பவுனுக்கு மேல் போனால் கணக்குக் கொடுக்க வேண்டும். தனி ஆளுக்கு வரம்பு 2000 கிராம். கடைக்காரர்களுக்கு லைசென்ஸ், பத்தர்களுக்கு சர்டிபிகேட், எல்லாருக்கும் கணக்குப் புத்தகம். 1969இல் சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டத்தை மொத்தமாகத் தள்ளிவிடவில்லை. ஆனால் தொழில் செய்கிறவர்களை நியாயமில்லாமல் நெருக்குகிறது என்று சில பிரிவுகளைச் செல்லாது என அடித்தது. மிச்சமிருந்த சட்டம் 1990 ஜூன் வரை உயிரோடு இருந்தது. சீன யுத்தம் நடந்தது ஒரே மாதம். அதைக் காட்டிக் கொண்டுவந்த கட்டுப்பாடு வாழ்ந்ததோ 27 வருஷம்!

யார் எந்தக் கட்சி?

சாதாரணமாக நாம் என்ன நினைக்கிறோம்? இடதுசாரி என்றால் சர்க்கார் எல்லாவற்றையும் கையில் எடுக்கச் சொல்பவர். வலதுசாரி என்றால் அவரவர் இஷ்டம்போல் வாழ விடச் சொல்பவர். தங்கத்தின் கதை இந்தப் பாடத்தைத் தலைகீழாக்கிவிடுகிறது.

கட்டுப்பாட்டைக் கொண்டுவந்த மொரார்ஜி தேசாய், காங்கிரசில் வலதுசாரி என்று பெயர் எடுத்தவர். அதை ரத்து செய்தபோது நிதி மந்திரியாக இருந்த மது தண்டவதே, பழுத்த சோஷலிஸ்ட். அவர் இடம்பெற்றிருந்த வி.பி. சிங் சர்க்காரை வெளியிலிருந்து தாங்கியவர்கள் ஒரு பக்கம் பாரதிய ஜனதா, மறுபக்கம் கம்யூனிஸ்டுகள். நிறத்தைப் பார்த்து ஆளை முடிவு செய்கிறவர்கள் இங்கே திண்டாடித்தான் போவார்கள்.

நம் பக்கத்து மனிதர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். சேலம் ஜில்லாக்காரர் ராஜாஜி. 1952இல் சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியானதும் உணவு தானியக் கட்டுப்பாட்டை எடுத்தார். ஜனங்கள் ரேஷன் கடை வரிசையிலிருந்து விடுபட்டார்கள். 1959இல் சுதந்திராக் கட்சி தொடங்கி, எதற்கெடுத்தாலும் லைசென்ஸ், பர்மிட் கேட்கும் ராஜ்யத்தை எதிர்த்தார். தங்கக் கட்டுப்பாட்டையும் எதிர்த்தார். ஆனால் இதே ராஜாஜிதான் 1937 அக்டோபரில் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர். அரிசிப் பானையையும் நகைப் பெட்டியையும் தொடாதே என்றவர், கள்ளுப் பானையை மட்டும் சர்க்கார் உடைக்கலாம் என்றார்.

ஈரோட்டுப் பெரியாரைப் பாருங்கள். காங்கிரஸில் இருந்தபோது மதுவிலக்குக்காகச் சொந்தத் தோப்பின் தென்னை மரங்களையே வெட்டச் செய்தவர். பிறகு, பெண் யாரை மணப்பது, எத்தனை பிள்ளை பெறுவது என்பதெல்லாம் அவள் இஷ்டம் என்றார். தாலியே அடிமைச் சின்னம், அது எதற்கு என்று கேட்டார். சர்க்கார் "14 காரட்டில் கட்டு" என்றது. தாய்மார்கள் "22 காரட்தான் வேண்டும்" என்றார்கள். பெரியாரோ "கட்டவே வேண்டாம்" என்றார். மூன்றும் ஒரே கழுத்தைப் பற்றிய பேச்சு!

மொரார்ஜியின் கதை இன்னும் வேடிக்கை. 1975இல் நெருக்கடி நிலை பிறந்தபோது சர்க்கார் அவரையே பிடித்துச் சிறையில் வைத்தது. 1977இல் அவர் பிரதமரானார். மறு வருஷம் அவர் சர்க்கார் அரசியல் சட்டத்துக்கு 44ஆவது திருத்தம் கொண்டுவந்தது. இனி எந்த நெருக்கடி நிலையிலும் உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்கும் உள்ள காப்பை நிறுத்திவைக்க முடியாது என்று செய்தது அந்தத் திருத்தம். சொத்துரிமையை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து எடுத்ததும் அதே திருத்தம்தான். ஒரு சுதந்திரத்தை இறுக்கிப் பூட்டிக் காப்பாற்றி, இன்னொரு சுதந்திரத்தின் பூட்டைத் தளர்த்தினார்கள்.

இது நம் நாட்டு வினோதம் மட்டுமல்ல. தனி மனித சுதந்திரத்துக்குப் பேர்போன அமெரிக்காவில், 1933 ஏப்ரலில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஓர் உத்தரவு போட்டார். ஜனங்கள் கையிலிருந்த தங்க நாணயத்தையும் கட்டியையும் பாங்கியில் ஒப்படைக்க வேண்டும். ஆளுக்கு 100 டாலர் பெறுமான நாணயம் மட்டும் வைத்துக்கொள்ளலாம். சாதாரண அமெரிக்கர் கட்டித் தங்கத்தைத் தாராளமாக வாங்கி வைத்துக்கொள்ள மறுபடி உரிமை வந்தது 1974ஆம் வருஷத்தின் கடைசி நாளில்தான்.

ஆகவே, எல்லாக் கட்சிக்கும் பிடித்த ஒரு சுதந்திரம் உண்டு. பிடித்த ஒரு கட்டுப்பாடும் உண்டு. கட்சிக்குக் கட்சி வேறுபடுவது எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பதில்தான்.

அப்படியானால் கட்டுப்பாடே கூடாதா?

அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிட முடியாது. 916 என்ற முத்திரையும் சர்க்கார் கட்டுப்பாடுதானே! உரைகல்லில் தேய்த்துப் பார்த்துக் கடைக்காரர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்ட காலத்தில், 22 காரட் என்று விலை கொடுத்து 18 காரட்டை வாங்கி வந்த குடும்பங்கள் உண்டு. 2021 ஜூன் முதல் படிப்படியாக ஹால்மார்க் முத்திரை கட்டாயமாயிற்று. 2023 ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு நகைக்கும் ஆறு எழுத்துகளும் எண்களும் கலந்த தனி அடையாளம் வேண்டும். கைபேசியில் பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அதைப் போட்டால் நகையின் ஜாதகம் வந்துவிடும். 14 காரட்டுக்கும் 585 என்ற முத்திரை இருக்கிறது. வேண்டுமென்பவர்கள் வாங்குகிறார்கள், வேண்டாதவர்களை யாரும் வற்புறுத்துவதில்லை. 1963க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அன்று "இதைத்தான் போட வேண்டும்" என்றது சட்டம். இன்று "எதைப் போட்டாலும் உண்மையைச் சொல்லி விற்க வேண்டும்" என்கிறது.

இன்னொன்றும் யோசியுங்கள். உங்கள் நகைக்கு ஆபத்து சர்க்காரிடமிருந்துதான் வரும் என்பதில்லை. வீட்டுக்குள்ளிருந்தும் வரலாம். "இத்தனை பவுன் போட்டால்தான் கல்யாணம்" என்று பேரம் பேசுகிறவர்களைத் தடுப்பதற்கு 1961இல் வரதட்சிணைத் தடுப்புச் சட்டம் வந்தது. பெண்ணுக்குப் போட்ட நகையைப் புகுந்த வீட்டார் வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டாலும் அது அவளுடைய ஸ்திரீதனமே. கேட்டால் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்று 1985இல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. இவையும் குடும்ப விவகாரத்தில் சர்க்காரும் கோர்ட்டும் தலையிடுவதுதான். ஆனால் இந்தத் தலையீடு பெண்ணின் சுதந்திரத்தைக் குறைக்கவில்லை, கூட்டுகிறது.

மூன்று கேள்விகள்

ஒரு புதுக் கட்டுப்பாடு வரும்போது, எந்தக் கட்சி கொண்டுவந்தாலும் சரி, மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

முதலாவது: யாரிடமிருந்து யாரைக் காப்பாற்ற இந்தச் சட்டம்? ஹால்மார்க், ஏமாற்றுகிறவரிடமிருந்து வாங்குகிறவரைக் காக்கிறது. 14 காரட் உத்தரவோ, பெண்களை அவர்கள் ஆசையிலிருந்தே காப்பாற்றப் புறப்பட்டது. அப்படிப் புறப்படுகிற சட்டத்திடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது.

இரண்டாவது: பாரம் யார் தலையில் விழுகிறது? குற்றம் செய்கிறவன் தலையிலா, கண்ணுக்கு எளிதாக அகப்படுகிறவன் தலையிலா?

மூன்றாவது: இதற்கு முடிவு தேதி உண்டா? தவறு என்றால் கேட்க ஒரு கோர்ட்டும் பேச ஒரு சபையும் உண்டா? அவசர காலத்துக்கென்று வாசல் வழியாக வந்த விருந்தாளி, 27 வருஷம் திண்ணையிலேயே தங்கிவிடக் கூடாது.

இந்தக் கேள்விகளை மதுவிலக்குக்கும் போடலாம், ரேஷனுக்கும் போடலாம், பிள்ளைகளின் கைபேசிக்கு வருகிற விதிகளுக்கும் போடலாம். எல்லாவற்றுக்கும் ஒரே விடை வராது. வர வேண்டியதும் இல்லை.

கடைசியாக, அடிக்கடி குழப்பம் தரும் ஒரு விஷயம். வீட்டில் எவ்வளவு நகை வைத்திருக்கலாம் என்று பலர் பயந்து கேட்கிறார்கள். 1968ஆம் வருஷச் சட்டத்தின் வரம்பு 1990இலேயே போய்விட்டது. இப்போது பேசப்படும் 500, 250, 100 என்ற கணக்கு வேறு. வருமான வரி அதிகாரிகள் சோதனைக்கு வந்தால், மணமான பெண்ணுக்கு 500 கிராம், மணமாகாத பெண்ணுக்கு 250 கிராம், ஆணுக்கு 100 கிராம் வரையிலான நகையைக் கைப்பற்ற வேண்டாம் என்று 1994இல் அவர்களுக்குக் கொடுத்த அறிவுரை அது. 2016 டிசம்பரில் மத்திய சர்க்கார் அதை மீண்டும் விளக்கிச் சொன்னது. பவுன் கணக்கில் முறையே 62½, 31¼, 12½. அதற்கு மேல் வைத்திருப்பது குற்றம் என்று அர்த்தமில்லை. பாட்டி கொடுத்தது, சீராக வந்தது, சம்பளத்தில் சேர்த்தது என்று எடுத்துச் சொல்ல ஆதாரம் இருந்தால் போதும். ஆகவே ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். அம்மா வீட்டு நகைக்கு ஒரு பட்டியல் எழுதி, அதன் பிரதியை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கார் கேட்டாலும் உதவும், சம்பந்தி வீட்டார் கேட்டாலும் உதவும்!